சாந்தி முடிஞ்ச கையோட தாஹிட்டியா? – ஆச்சியைக் கேளுங்க

போன இதழ்ல தெற்குப் பசிபிக்ல தாஹிட்டிக்கு எதிர்ல இருக்கிற மூரியா தீவுல, ஸ்நோர்க்கல் குழாயை வாயில கவ்விக்கிட்டு தண்ணிக்குள்ள மூஞ்சிய வச்சு மீன் பார்த்ததைப் பத்தி ஒருத்தர் கேட்டதுக்கு நாலு வரி எழுதுனேன், அவ்வளவுதான், நம்ம பக்கத்து ஊர்லருந்தெல்லாம் கேள்வியா வந்து குவிஞ்சிருச்சு. அதனால இந்தத் தடவை மருமகள் சண்டை, வீட்டுப் பாகப்பிரிவினை எல்லாத்தையும் ஒத்திவச்சிட்டு, முழுசா கடல் சமாச்சாரம்தான்.

கே: ஆச்சி, எங்க மகன் ஆக்லாந்துல இருக்கான். தை மாசம் ஊர் வீட்டுல எங்களுக்கு அறுபதாம் கல்யாண சாந்தி நடந்துச்சு. அதுக்குப் பரிசா தாஹிட்டி பக்கம் போரா போரா தீவுக்குக் கூட்டிட்டுப் போறேன், தண்ணிக்கு மேல கட்டுன குடில்லதான் தங்கணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறான். ஒரு ராத்திரி வாடகையைக் கேட்டு இவுகளுக்குத் தலை சுத்திருச்சு. போகலாமா வேண்டாமா?
– வாசகி, கானாடுகாத்தான்

போங்க ஆச்சி, தாராளமா போங்க, ஆனா அந்தக் குடிலுக்குக் காசைக் கொட்டாதீங்க. அது ஏதோ ஆதி காலத்துலருந்து அந்த ஊர் ஜனங்க வாழ்ந்த வீடுன்னு நெனச்சிறாதீங்க, 1967-ல ரையாட்டியா தீவுல அமெரிக்காக்காரங்க மூணு பேர் அவங்க ஓட்டலுக்காகக் கட்டுனதுலருந்து ஆரம்பிச்ச ஃபேஷன். இன்னைக்கு ஒரு ராத்திரிக்கு லட்ச ரூபாயை சாதாரணமா தாண்டும். ராத்திரி பூரா தூங்கத்தானே போறீங்க, கானாடுகாத்தான்ல ரெண்டாங்கட்டு வரைக்கும் காத்து வர்ற வீட்டுல இருந்துட்டு அங்க போயி ஒரு ரூமைப் பார்த்து என்னத்த வாய் பிளக்கப் போறீங்க. பார்க்க வேண்டியது ரூமுக்குக் கீழ இருக்கிற தண்ணிக்குள்ள, அதுக்கு யாரும் வாடகை கேக்கறதில்ல.

என் கணக்கு இதுதான். ஆக்லாந்துலருந்து பாப்பீட்டேக்கு அஞ்சு மணி நேர ஃபிளைட். பாப்பீட்டேங்கிறது தாஹிட்டி தீவுல இருக்கு, பிரெஞ்சு பாலினேசியாவுக்கே தலைநகரம். அங்கருந்து போரா போராவுக்கு இன்னொரு சின்ன ஃபிளைட், முக்கால் மணி நேரம் ஒரு மணி நேரம் ஆகும், அதுக்கு டிக்கெட்டும் சும்மா இல்ல. மூரியாவோ எதிர்ல, 17 கிலோமீட்டர் தள்ளி, கரையில நின்னா மலை தெரியும், ஃபெரி ஏறுனா முக்கால் மணி நேரத்துக்குள்ள போயிறலாம். அங்க குடும்பமா நடத்துற சின்ன தங்குமிடங்கள் இருக்கு, பென்ஷன்னு சொல்றாங்க, சமையல் ரூமோட கிடைக்கும். தெமாயேன்னு ஒரு பொதுக் கடற்கரை, ஃபெரி துறையிலருந்து கிட்டத்துலதான், காசு கீசு ஒண்ணும் கிடையாது, இடுப்பளவு தண்ணிக்குள்ள போயி மூஞ்சிய வச்சாலே மீன் வந்துரும்.

போரா போரா மட்டமான இடம்னு சொல்லல. நடுவுல 727 மீட்டர் ஒத்தமானு மலை நிக்கிற நிப்பு இருக்கே, அதை ஃபிளைட்லருந்து பார்க்கவே ஒரு தடவை போகலாம். அங்க ஏர்போர்ட்டே ஊருக்குள்ள கிடையாது, ரெண்டாம் உலகப் போர்ல அமெரிக்கப் படை 1943-ல ஒரு மணல் திட்டுல போட்ட ரன்வே, இறங்குனதும் போட் ஏறித்தான் ஊருக்கு வரணும். மத்தீரா பக்கம் பொதுக் கடற்கரையும் உண்டு, அது கிட்ட சின்ன பென்ஷன்ல ரெண்டு ராத்திரி தங்கிட்டு மிச்ச நாளை மூரியாவுல கழிங்கன்னு மகன்கிட்ட சொல்லுங்க. கேக்கலன்னா காசு அவன் காசு, நீங்க பேசாம போயிட்டு வாங்க.

இன்னொண்ணு, தேதி. ஆக்லாந்துல சனிக்கிழமை ஏறுனா பாப்பீட்டேல வெள்ளிக்கிழமை இறங்குவீங்க, நடுவுல சர்வதேச தேதிக் கோடு இருக்கு. ரூம் புக் பண்ணும்போது நிறைய பேர் இதுல கோட்டை விட்டுர்றாங்க. ஊர்ல இருக்கிறவங்களுக்கு போன் பண்றதுக்கும் இது வேணும், காரைக்குடியில காலை 8 மணின்னா அங்க முந்தின நாள் சாயங்காலம் நாலரை.

கே: எனக்கு ஐரோப்பாவுக்கான ஷெங்கன் விசா இருக்கு, தாஹிட்டி பிரான்ஸோடதுதானே, அதுலயே போயிறலாம்னு டிக்கெட் போடுறவர் சொல்றார். சரியா?
– பள்ளத்தூர் வாசகர்

தம்பி, அப்படியே நம்பிறாதீங்க. பிரெஞ்சு பாலினேசியா பிரான்ஸோடதுதான், ஆனா ஷெங்கன் பகுதிக்குள்ள வராது. விசா ஸ்டிக்கர்ல எந்தப் பகுதிக்கு செல்லும்னு அடிச்சிருப்பாங்க, அதைக் கையில வச்சுக்கிட்டு பிரான்ஸ் விசா ஆபீஸ்ல தாஹிட்டின்னு பேர் சொல்லியே கேளுங்க. வழி வேற இருக்கு, லாஸ் ஏஞ்சலஸ் வழியா போனா சும்மா ஃபிளைட் மாறுறதுக்குக் கூட அமெரிக்க விசா கட்டாயம் வேணும், ஆக்லாந்து வழியா போனா நம்ம பாஸ்போர்ட்டுக்கு நியூசிலாந்து டிரான்சிட் விசாவாவது வேணும். டிக்கெட் போடுறவருக்கு கமிஷன் வந்துரும், ஏர்போர்ட்ல நிக்கப் போறது நீங்க.

கே: எனக்கு வயசு 58. சின்ன வயசுல ஊருணியில கால் நனைச்சதோட சரி, நீச்சல் தெரியாது. ஸ்நோர்க்கல் பண்ண முடியுமா? எல்லாரும் லைஃப் ஜாக்கெட் போட்டா போதும்ங்கிறாங்க.
– தேவகோட்டை வாசகர்

போதாதுண்ணே. லைஃப் ஜாக்கெட் உங்களை மேல வச்சிருக்கும், பயத்தை அது எடுக்காது. ஆளுங்க தடுமாறுறது பெரும்பாலும் முதல் அஞ்சு நிமிஷத்துல, வாய்க்குள்ள ஒரு வாய் உப்புத் தண்ணி போனதும் தலையைத் தூக்கி, கையைக் காலை அடிச்சு, மூச்சு வாங்கி, அப்புறம் கரையில உக்காந்து பொண்டாட்டி பிள்ளைகள் பார்க்கிறதைப் பார்த்துக்கிட்டு இருக்கிறது. மூணு ஃபிளைட் மாறிப் போயி கரையில உக்காரவா?

நீங்க நீந்திப் போட்டி ஜெயிக்கப் போறதில்ல, மிதக்கணும், அவ்வளவுதான். ஊர்ல இருக்கும்போதே கத்துக்கங்க. காரைக்குடி, மதுரை, திருச்சியில நீச்சல் குளங்க இருக்கு, கோச் வச்சு கத்துக்கலாம், மோட்டார் கிணத்துல நீந்தத் தெரிஞ்ச சொந்தக்காரங்க யாராவது இருந்தா இன்னும் விசேஷம். முதல்ல மல்லாக்க மிதக்கிறது, அப்புறம் குப்புற. குப்புற மிதந்துக்கிட்டு வாயால மட்டும் மூச்சு விடுறதுதான் ஸ்நோர்க்கல்ல முக்கால்வாசி. மூக்கு மாஸ்க்குக்குள்ள அடைபட்டிருக்கும், வாயால மெதுவா, ஆழமா இழுத்து, முழுசா வெளிய விடணும். அரைகுறையா வேகவேகமா விட்டா குழாய்க்குள்ள நிக்கிற பழைய காத்தையே திரும்பத் திரும்ப இழுப்பீங்க, நெஞ்சு அடைக்கிற மாதிரி ஆகிரும். குழாய்ல தண்ணி புகுந்தா பதறாம ஃபூன்னு ஒரே ஊது, மேல பீச்சிக்கிட்டுப் போயிரும். ஊது ஊதுன்னு இதை மட்டும் குளத்துல ஒரு வாரம் பழகுங்க, சிரிக்கிறவங்க சிரிக்கட்டும்.

அந்தக் கடலுக்குப் பேரு லகூன். உங்களுக்குப் புரியிற மாதிரி சொல்றேன், நம்ம கண்மாயை நெனச்சுக்கங்க. சுத்தி இருக்கிற பவளத் திட்டுதான் கரை. வெளிக்கடல் அலை திட்டு மேல மோதி உடைஞ்சு, வழிஞ்சு உள்ள வந்து விழுந்துக்கிட்டே இருக்கும், உள்ள வந்த தண்ணி போகணும்ல, அது திட்டுல இருக்கிற இடைவெளி வழியா வெளியேறும். அந்த இடைவெளிதான் கலுங்கு, அங்க பாஸ்னு சொல்வாங்க. வெளிய அலை பெருசா இருக்கிற அன்னைக்கு உள்ள நிறைய தண்ணி வரும், கலுங்குல இழுப்பும் அதுக்குத் தக்கன இருக்கும், மேல பார்த்தா ஒண்ணுமே தெரியாது, அமைதியாத்தான் இருக்கும். பெருகி ஓடுற கலுங்குல யாராவது குளிப்பாங்களா? அங்கயும் அப்படித்தான். கரையில உள்ளூர்க்காரங்ககிட்ட பாஸ் எந்தப் பக்கம்னு கைகாட்டச் சொல்லிக் கேட்டுட்டு அதுக்கு எதிர்ப்பக்கமா இறங்குங்க. முதல்ல தண்ணி ஓடுற திசைக்கு எதிரா போங்க, திரும்பி வரும்போது அதுவே தள்ளிக்கிட்டு வந்துரும்.

தனியா போகாதீங்க. பிரஷர், நெஞ்சு சம்பந்தமா மாத்திரை சாப்பிடுறவரா இருந்தா இங்கயே டாக்டர்கிட்ட விஷயத்தைச் சொல்லிக் கேட்டுக்கங்க. இறங்குன அன்னைக்கே தண்ணியில குதிக்காதீங்க, ஒரு ராத்திரி தூங்கி எந்திரிங்க.

கே: நான் கண்ணாடி, இவுக முறுக்கு மீசை. மாஸ்க் எப்படிப் போடுறது?
– புதுவயல் வாசகி

உங்களுக்கு சுலபம். பவர் வச்ச மாஸ்க் கிடைக்குது, கிட்டப் பார்வைக்கு அரைப் புள்ளி அரைப் புள்ளியா கண்ணாடி மாத்திக்கலாம். தண்ணிக்குள்ள எல்லாமே மூணுல ஒரு பங்கு பெருசாவும் கிட்டத்துலயும் தெரியும், அதனால பவர் கொஞ்சம் கம்மியா இருந்தாலும் சமாளிச்சுரலாம். கான்டாக்ட் லென்ஸோட இறங்காதீங்க, கண்ணுல கிருமி வந்தா வம்பு.

மீசைதான் பிரச்சனை. ரப்பர் விளிம்பு தோல்ல ஒட்டணும், முடி நடுவுல வந்தா தண்ணி சொட்டுச் சொட்டா இறங்கும். மேல் ஓரத்துல, மூக்குக்குக் கீழ ஒரு கோடு மட்டும் எடுக்கச் சொல்லுங்க, அதுக்கு மனசு வரலன்னா வாசலின் கொஞ்சம் தடவிக்கச் சொல்லுங்க, அது அரை வைத்தியம்தான். மாஸ்க் வாங்கும்போது பட்டையை மாட்டாம முகத்துல வச்சு மூக்கால லேசா இழுத்துப் பாருங்க, கையை விட்டாலும் ஒட்டிக்கிட்டு நின்னா அது உங்க முகத்துக்கு ஆனது. இந்த ஒண்ணை மட்டும் இங்கருந்தே வாங்கிட்டுப் போங்க, குழாயும் காலு துடுப்பும் அங்க வாடகைக்கு எடுத்துக்கலாம். பனி மூடாம இருக்க பேபி ஷாம்பு ஒரு சொட்டு தேச்சு அலசிருங்க. எச்சில் துப்பித் தேய்க்கிறவங்கதான் அங்க ஜாஸ்தி, அதுவும் வேலை செய்யும், நம்ம ஆளுங்களுக்குத்தான் அருவருப்பு.

கே: சேலையைத் தவிர வேற கட்டிப் பழக்கமில்ல ஆச்சி. நைட்டியோட இறங்கலாமா? நகை?
– பேர் போட வேண்டாம்னு கேட்டுக்கிட்ட வாசகி, காரைக்குடி

நைட்டி வேண்டவே வேண்டாம், தண்ணியில பொங்கி மேல வந்து மூஞ்சிய மூடும், காலைச் சுத்தும். முழுக்கை ரேஷ்கார்டுன்னு ஒட்டுன டாப் கிடைக்கும், கூட கணுக்கால் வரைக்கும் லெக்கிங்ஸ், நீச்சல் துணியிலயே தச்சது. அங்க வெள்ளைக்காரங்களே வெயிலுக்குப் பயந்து அதைத்தான் போட்டுக்கிட்டு அலையிறாங்க, உங்களை ஒருத்தரும் திரும்பிக்கூட பார்க்க மாட்டாங்க. குப்புற மிதக்கும்போது முதுகும் கெண்டைக்காலும் பொரிஞ்சு போகும், அதுக்கும் இதுதான் மருந்து. சன்ஸ்கிரீன் முகத்துக்கும் கையிக்கும் மட்டும் போதும், அதுலயும் ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்ஸேட் இல்லாததா பாருங்க, பவளத்துக்குக் கெடுதல்னு ஹவாயில 2021-லருந்து அது ரெண்டும் இருக்கிறதை விக்கவே தடை.

வைரத் தோடு, மூக்குத்தி, மோதிரம் எல்லாத்தையும் கழட்டி ரூம்லயே வச்சிருங்க, ரொம்ப நேரம் தண்ணியில இருந்தா விரல் சுருங்கி மோதிரம் தானா நழுவிரும், மூக்குத்தி மாஸ்க்குக்குள்ள குத்தும். அதை விட நல்லது, ஊர்லயே பாங்க் லாக்கர்ல வச்சிட்டுக் கிளம்புறது.

கே: அங்க சுறா இருக்குமாமே, கடிக்காதா?
– ஏழாங்கிளாஸ் பையன், கோட்டையூர்

இருக்கும்டா தங்கம், நீ இது வரைக்கும் சுறாவைப் புட்டாத்தான் பார்த்திருப்ப. அங்க லகூனுக்குள்ள சுத்துறது கருப்பு முனைச் சுறா, துடுப்பு நுனியில மை தொட்டு வச்ச கணக்கா கருப்பு இருக்கும், உன் உயரம்தான், பெருசானா அப்பா உயரத்துக்குக் கொஞ்சம் கம்மி. ரொம்ப கூச்ச சுபாவம், நீ பக்கத்துல போனா அது ஓடிரும். சுறா பிடிக்கிறதுக்கே அந்த நாட்டுல தடை. கையில மீன் துண்டை வச்சுக்கிட்டு ஊட்டி விளையாடுற வேலை மட்டும் வேண்டாம், அப்பதான் விரலுக்கும் மீனுக்கும் வித்தியாசம் தெரியாம போகும்.

நீ பயப்பட வேண்டியது ஓடாததுக்கு. கல்லு மீன்னு ஒண்ணு, அங்க நோஹுன்னு பேரு, அசையாம மணல்ல கிடக்கும், முதுகு முள்ளுல கடும் விஷம். வெறுங்கால்ல நடக்காத, ரப்பர் ஷூ போட்டுக்க. மணல்ல நடக்கும்போது காலைத் தூக்கி வைக்காம தேச்சுத் தேச்சு நட, திருக்கை படுத்திருந்தா சத்தம் கேட்டு எந்திரிச்சுப் போயிரும். கூம்பு வடிவ சிப்பி அழகா இருக்கும், கையில எடுக்காத, அதுலயும் விஷ ஊசி இருக்கு. பவளத்தைத் தொடாத, அதுக்கும் உயிர் இருக்கு, கீறுனா உன் காயமும் லேசுல ஆறாது.

கே: தீவைச் சுத்தி வட்டமா பவளம் வந்தது எப்படி? செமினாருக்கு வேணும்.
– காலேஜ் மாணவி, காரைக்குடி

1835-ல டார்வின் பீகிள் கப்பல்ல தாஹிட்டி வந்தார், மலையேறி எதிர்ல இருக்கிற மூரியாவைப் பார்த்தார், தீவு நடுவுல, சுத்தி வெள்ளையா அலை உடையிற வளையம். அவர் யோசனை இதுதான்: எரிமலைத் தீவு ஓரமா பவளம் ஒட்டி வளரும், எரிமலை கொஞ்சம் கொஞ்சமா அமிழும், பவளம் வெளிச்சத்துக்காக மேல மேல வளர்ந்துக்கிட்டே வரும், அப்ப தீவுக்கும் பவளத்துக்கும் நடுவுல தண்ணி நிக்கும். கடைசியில மலை முழுசா அமிழ்ந்தா வெறும் வளையம், அதுதான் அட்டோல். 1842-ல புத்தகமா போட்டார். நூறு வருஷத்துக்கு மேல கழிச்சு 1952-ல பசிபிக்ல இருக்கிற எனிவெட்டாக் அட்டோல்ல துளை போட்டாங்க, 1,200 மீட்டருக்கு மேல பவளச் சுண்ணாம்புப் பாறையாவே வந்து அதுக்கு அடியில எரிமலைப் பாறை தட்டுச்சு.

செமினார்ல கைதட்டு வாங்கணும்னா ரெண்டு விஷயம் சேர்த்துக்கம்மா. அந்த வெள்ளை மணல்ல பெரும் பங்கு கிளி மீனோட கழிவு, அது பவளப் பாறையைக் கடிச்சு அரைச்சு பாசியைத் தின்னுட்டு மிச்சத்தை மணலா விடும், தண்ணிக்குள்ள காதைத் தீட்டுனா கறுக் கறுக்னு சத்தமே கேக்கும். ரெண்டாவது, தாஹிட்டியில ஓதம் நிலாவை விட சூரியனுக்குத்தான் கட்டுப்படும், உயர் ஓதம் தினம் நடுப்பகல், நடுராத்திரி வாக்குலதான், ஏறி இறங்குறதும் ஒரு அடி அளவுதான்.

எல்லாம் அப்படியே பளபளன்னு இருக்குன்னும் பேசிறாத. மூரியாவுல 2006-லருந்து 2010 வரைக்கும் முள் நட்சத்திர மீன் பெருகி பவளத்தைத் தின்னு தீர்த்துச்சு, அந்த 2010-லயே புயல், வெளிச்சரிவுல உயிர்ப்பவளம் அனேகமா போயிருச்சு. பத்து வருஷத்துக்குள்ள திரும்ப மளமளன்னு வளர்ந்துச்சு, உடனே 2019-ல தண்ணி சூடேறி பவளம் வெளுத்துப் போச்சு. அங்க ஆராய்ச்சி நிலையத்துக்காரங்க இதை வருஷா வருஷம் எண்ணிக்கிட்டே இருக்காங்க.

கே: சாப்பாட்டுக்கு என்ன பண்றது? எங்க வீட்டுல மீன் இல்லாம சோறு இறங்காது.
– ஆத்தங்குடி வாசகி

மீன் சாப்பிடுங்க, ஆனா எந்த மீன்னு கேட்டு சாப்பிடுங்க. பவளத்திட்டுல வாழுற பெரிய மீன்கள்ல, களவா, சீலா வகையில, சிகுவாடேரான்னு ஒரு விஷம் சேரும். பாசியில ஒட்டி வாழுற நுண்ணுயிர்லருந்து சின்ன மீனுக்கு, அதுலருந்து பெரிய மீனுக்கு ஏறி வர்றது. கொதிக்க வச்சாலும் போகாது, ருசியிலயும் தெரியாது. வந்தா வாந்தி பேதியோட, குளிர்ந்த தண்ணியைத் தொட்டா சுடுற மாதிரி இருக்கும். ஆழ்கடல் சூரை மீன்ல அந்தப் பயம் இல்ல, கடையில அதுதான் அதிகமும் கிடைக்கும். பச்சை மீனை எலுமிச்சைச் சாறுல ஊறவச்சு தேங்காப்பால் ஊத்தித் தர்றாங்க, எனக்கு ஒரு பச்சை மிளகாய் கிள்ளிப் போட்டிருந்தா தேவலைன்னு இருந்துச்சு.

சைவக்காரங்க சமையல் ரூம் இருக்கிற இடமா பிடிங்க. அரிசி, தேங்காய், சேப்பங்கிழங்கு, வாழைப்பழம் எல்லாம் கிடைக்கும், ஈரப்பலா சுட்டும் அவிச்சும் விக்கிறாங்க, மிளகு சீரகம் தட்டிப் போட்டு வறுவல் பண்ணுனா உருளைக்கிழங்கு தோத்துப் போகும். பொடி வகை எடுத்துட்டுப் போகலாம், கறிவேப்பிலை, பழம், விதை, தேன் இதெல்லாம் வேண்டாம். ஆக்லாந்துல இறங்கித் தங்கிட்டுப் போறவங்க எல்லா சாப்பாட்டுப் பொருளையும் ஃபார்ம்ல எழுதிருங்க, மறைச்சா 400 நியூசிலாந்து டாலர் அந்த இடத்துலயே அபராதம்.

கே: தாஹிட்டி கருப்பு முத்து வாங்கலாமா?
– நெற்குப்பை வாசகி

வாங்கலாம், வளர்ப்பு முத்துதான் எல்லாமே, நிஜக் கருப்பை விட பச்சை, சாம்பல், கத்திரிக்காய் நிறம்தான் அதிகம். மகளுக்கு சீர் வைக்கிற யோசனைன்னா ஒரே அளவுல ஜோடி தேடாதீங்க, விலை எங்கயோ போயிரும். கோடு விழுந்ததும் கோணலானதும் மலிவு, பதக்கத்துக்கு அதுவே அழகு.

கே: இதுக்கு அவ்வளவு தூரம் போகணுமா, நம்ம ராமேஸ்வரத்துல இல்லாத பவளமா?
– மறுபடியும் தேவகோட்டை, வேற ஒருத்தர்

நியாயமான கேள்வி. மன்னார் வளைகுடாவுல மண்டபத்துலருந்து தூத்துக்குடி வரைக்கும் 21 தீவைச் சேர்த்து 1986-லயே தேசியப் பூங்காவா அறிவிச்சாச்சு, அதனால நெனச்ச தீவுல நெனச்ச நேரம் இறங்க முடியாது. ஆனா பிரப்பன்வலசை பக்கம் பாக் ஜலசந்தி கரையில ஸ்நோர்க்கல் சொல்லிக் கொடுக்கிறாங்க. தண்ணி தாஹிட்டி அளவுக்குத் தெளிவா இருக்காது, அதை எதிர்பார்த்துப் போகாதீங்க. பழகுறதுக்கு அதுதான் சரியான இடம், நம்ம ஆளுங்க பெண்கடல்னு சொல்றதே அது சாதுவா இருக்கிறதால, அதுவும் தென்மேற்குப் பருவக் காத்து அடிக்கும்போது மன்னார் வளைகுடாவான ஆண்கடல் பக்கம் கொந்தளிக்கும், இந்தப் பக்கம் அடங்கிக் கிடக்கும். வடகிழக்கு மழைக்காலத்துல அப்படியே தலைகீழ். நான் தாஹிட்டி டிக்கெட் எடுக்கிற யாரா இருந்தாலும் முதல்ல ஒரு சனி ஞாயிறு அங்க போயிட்டு வாங்கன்னுதான் சொல்வேன், அங்கயே பிடிக்கலன்னா டிக்கெட் காசு மிச்சம்.

தாஹிட்டிக்கு மாசம் கேட்டவங்களுக்கும் இதுலயே சொல்லிர்றேன், மே-லருந்து அக்டோபர் வரைக்கும் மழை கம்மி. நம்ம ஸ்கூல் லீவு மே மாசத்தோட ஒத்துப் போகும்.

கே: போனை பிளாஸ்டிக் பையில போட்டு தண்ணிக்குள்ள போட்டோ எடுக்கலாமா?
– கல்லல் வாசகர்

எடுக்கலாம். முதல்ல பைக்குள்ள டிஷ்யூ பேப்பர் மட்டும் வச்சு ஒரு வாளித் தண்ணியில அரை மணி நேரம் முக்கிப் பாருங்க, பேப்பர் நனையலன்னா போனை வைங்க. தண்ணிக்குள்ள தொடுதிரை வேலை செய்யாது, கேமராவைத் திறந்து வச்சுக்கிட்டே இறங்குங்க, வால்யூம் பட்டனை அமுக்கி எடுங்க. ஆழம் போகப் போக சிவப்பு நிறம்தான் முதல்ல மறையும், எல்லாம் நீலமா வரும், அதனால ஒரு ஆள் ஆழத்துக்குள்ள, காலையில பத்து மணிக்கு மேல, வெயில் உங்க முதுகுல அடிக்கிற பக்கமா திரும்பி எடுங்க. பையைக் கழுத்துல கயிறு போட்டு மாட்டாதீங்க, மணிக்கட்டுல கட்டிக்கங்க.